ஆட்டத்திற்கு முன்னும் பின்னும்: கல்லூரிக் கால்பந்தை எழுதிவைத்தல்

கால்பந்தாட்டம் நடுவரின் இறுதி ஊதலோடு முடிந்துவிடுவதாக எண்ணுவோர் பலர். ஆட்டத்திற்கு முன்னர் எழும் எதிர்பார்ப்பும், ஆட்டம் முடிந்தபின் நின்று பேசும் பேச்சும் சேர்ந்தே ஒரு போட்டியை முழுமையாக்குகின்றன. முன்னதை எழுத்தில் வடிப்பதனை 'முன்னோட்டம்' என்றும், பின்னதை வடிப்பதனை 'ஆட்டக்குறிப்பு' என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். பெரிய அணிகள் மோதும் போட்டிகளுக்கு இவ்விரண்டையும் நாளிதழ்கள் செய்துவிடுகின்றன. சிறிய கல்லூரிகள் தம்முள் ஆடும் போட்டிகளுக்கு இதனைச் செய்வார் யார் என்பதே நம் வினா.

இவ்வினாவை வல்லக்கோட்டை வட்டாரத்தில் நின்று எழுப்புவது பொருத்தமாகும். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. ஏரியும் நெல்வயலுமாக விளங்கிய அந்நிலப்பகுதியின் முகம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் நிறுவனத்தின் ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் இயங்கத் தொடங்கின. ஆலைகள் பெருகிய அதே காலத்தில் பொறியியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் சுற்றுவட்டாரத்தில் பெருகின. அவற்றுள் பலவற்றுக்கும் ஒரு மைதானம் உண்டு; மைதானம் உள்ள இடத்தில் கால்பந்தும் உண்டு. முதற்பணிமுறை முடித்துக் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கும் தொழிலாளர்கள், வேலியோரம் பையுடன் நின்று மாலை ஆட்டத்தைப் பார்ப்பதைக் காணலாம். அவர்களுள் வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தோர் ஆட்டத்தின் நுட்பமறிந்து கைதட்டுவர்.

இப்போட்டிகளின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற கல்லூரிகள் மண்டலங்களாகப் பிரிக்கப்பெற்று, மண்டலத்திற்குள் ஆடி, வென்றவர்கள் மண்டலங்களுக்கிடையிலான போட்டிக்குச் செல்கின்றனர். கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆடுகின்றன. அவ்வாட்டங்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகித் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். அதற்கும் மேலே நிற்பது, 1941-இல் தொடங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி. ஏணி நீண்டதுதான், முதற்படியிலேயே நின்றுவிடுவோர் தொகையே மிகுதி. மண்டல ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடுகின்றன. தோற்ற அணி அன்று மாலையே வேனில் ஏறி ஊர் திரும்புகிறது.

அதன்பின் எஞ்சுவது யாது? பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று. அது மாணவர் ஆடினார் என்று கூறுமேயன்றி, எப்படி ஆடினார் என்று கூறாது. மூன்றாண்டுகள் ஓர் அணியின் தடுப்பரணாக நின்றவருக்கும், ஒரே ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் மாற்று வீரராக இறங்கியவருக்கும் ஒரே வாசகம், ஒரே முத்திரை. தந்தையோ தாயோ ஆலையில் ஒப்பந்தப் பணியாளராக இருக்க, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத்தில் தம் ஆட்டத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால், அவர் கையில் வேறு சாட்சி இல்லை. ரயில்வேயும் இந்தியன் வங்கியும் ஐ.சி.எஃப். நிறுவனமும் சென்னையில் வலிய அணிகளை வைத்து, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் அளித்த காலத்தில், நல்ல ஆட்டக்காரரைத் தேடி ஒருவர் மைதானத்திற்கே வருவதுண்டு. வருவார் இல்லாத சிற்றூர் மைதானத்தில் எழுத்து ஒன்றே அவர் சார்பில் பயணம் செய்ய வல்லது.

எழுதிவைப்பதனால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1869 நவம்பர் 6-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் பக்கத்திற்கு 25 பேராக நின்று பந்தாடினர். ரட்கர்ஸ் 6-4 என வென்றது. ஒரு வாரம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் பிரின்ஸ்டன் 8-0 எனத் திருப்பியடித்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கமாக இன்று போற்றப்பெறும் அந்த ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டோர் சிலரே. அங்கு பின்னர் வளர்ந்த கால்பந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. அன்று ஆடியதோ பந்தைத் தூக்கி ஓடக்கூடாத, நம் கால்பந்துக்கு அண்மையான ஆட்டம். இதனையெல்லாம் நாம் அறிவதற்கு ஒரு காரணம், ரட்கர்ஸ் மாணவர்கள் அவ்வாண்டுதான் தொடங்கியிருந்த தங்கள் இதழில் அதனை எழுதிவைத்தமை. அவ்விதழின் பெயர் 'டார்கம்'. மொழிபெயர்ப்பு, விளக்கம் என்னும் பொருள்தரும் அரமேயச் சொல் அது. நம் இல்லங்களில் வழங்கும் 'தர்ஜுமா' என்னும் அரபுச் சொல்லுக்கு உறவினது. களத்தில் நடந்ததைக் காணாதவர்க்குச் சொல்லாக்கித் தருவதும் ஒருவகைத் தர்ஜுமாதானே!

தமிழ் இலக்கியத்திற்கும் இப்பணி புதிதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போருக்கு முன்னரே கலிங்கத்தில் தோன்றிய தீய நிமித்தங்கள் காளியின் அவையில் பேசப்படுகின்றன. போர் நடந்தபின், கலிங்கத்திலிருந்து வந்த பேயொன்று அதனைக் காளிக்கு விரித்துரைக்கிறது. முன்னதை முன்னோட்டமாகவும் பின்னதை ஆட்டக்குறிப்பாகவும் கொள்வது மிகையாகாது. ஆனால் பரணி வென்றவனைப் பாடும் இலக்கியம். கல்லூரி ஆட்டத்தை எழுதுவோர் பரணி பாடுதல் ஆகாது; காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் முன்னோட்டம். யார் வெல்வார் என்று குறி சொல்வதே முன்னோட்டம் என்பது பரவலான மயக்கம். ஆட்டத்தில் எதனைப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளர்க்குச் சொல்லிக் கொடுப்பதே அதன் வேலை. கல்லூரி அணியின் இயல்பு தொழில்முறை அணியின் இயல்பினின்றும் வேறானது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு நடக்கும் கல்லூரியில், ஆண்டுதோறும் அணியின் ஒரு பகுதி விடைபெற்றுச் செல்கிறது. ஆகவே கடந்த ஆண்டின் வெற்றியை மட்டும் கொண்டு இவ்வாண்டின் அணியை அளந்துவிட முடியாது. சென்றவர் யார், அவர் நின்ற இடத்தில் இப்போது நிற்பவர் யார், புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர் எந்தப் பள்ளியில் ஆடியவர் என்னும் மூன்று செய்திகளே முன்னோட்டத்தின் உயிர். பருவத்தேர்வு அட்டவணையும் இன்றியமையாதது. காலையில் தேர்வெழுதி மாலையில் ஆடும் நடுக்கள ஆட்டக்காரரின் கால்கள் அறுபதாம் நிமிடத்தில் என்ன செய்யும் என்பதனை எந்தப் பயிற்சியாளரும் அறிவார். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. ஏரிகள் சூழ்ந்த அத்தாழ்நிலத்து மைதானத்தில் நீர் தேங்கினால், தரையோடு குறுகப் பந்து கடத்தி ஆடும் அணி தடுமாறும். உயரத் தூக்கி அடிக்கும் அணி பிழைத்துக்கொள்ளும். இதனை ஒரு வரி எழுதிவிட்டால், பார்வையாளர் மேகத்தையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே பார்ப்பார்.

ஆட்டக்குறிப்புக்கு வருவோம். எண்ணிக்கை முதல் வரியிலேயே இருத்தல் வேண்டும். அதனை இறுதிவரை ஒளித்துவைப்பது படிப்போரைச் சோதிப்பதாகும். ஆனால் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணி பெரு நாட்டிடம் 3-1 எனத் தோற்றது. எண்ணை மட்டும் பார்ப்பவர்க்கு அது மற்றுமொரு தோல்வி. அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் அதுவே. பின்னாளில் 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணிக்குப் பயிற்சியளித்தவரும் அவரே. 3-1 என்னும் எண்ணுக்குள் இத்துணைச் செய்தி அடங்கிக் கிடக்கிறது. வெளியே எடுப்பார் இல்லையேல் எண் ஊமையாகவே இருக்கும்.

'இரு அணிகளும் சிறப்பாக ஆடின; இறுதியில் நம் கல்லூரி வாகை சூடியது' என்பது போன்ற தொடர்கள் கல்லூரி ஆண்டறிக்கைகளில் மலிந்துள்ளன. இவற்றால் யாருக்கும் பயனில்லை. 'முற்பாதியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேறிச் சென்றதும் அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் இருமுறை பந்து வந்தது. இரண்டாம் முறை கோலாயிற்று. இடைவேளைக்குப்பின் அவர் தம் எல்லையை விட்டு நகரவில்லை' என்று எழுதினால், ஆட்டம் கண்முன் நிற்கும். கோல் விழுந்த நிமிடம், அடித்தவர், பந்தைக் கொடுத்தவர், மாற்றப்பெற்றவர், கோல்காப்பாளர் தடுத்த அடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆட்டம் நடக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் நினைவை நம்பி எழுதுவோர் நிமிடங்களை மாற்றிவிடுவர்.

பெயர் பற்றி ஒரு சொல். நம் கல்லூரிகளில் ஓர் அணியிலேயே மூன்று முகம்மதுகளும் இரண்டு அப்துல்களும் இருப்பது வியப்பன்று. தலைப்பெழுத்தும் சட்டை எண்ணும் துறையும் சேர்த்து எழுதாவிட்டால், ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். பத்தாண்டு கழித்து அதனைத் திருத்த ஒருவராலும் இயலாது. எதிரணியினரின் பெயர்களையும் அதே கவனத்தோடு கேட்டு எழுதுதல் கடமை. அவர்களது கல்லூரியில் எழுதுவார் இல்லையெனில், நம் குறிப்பே அவர்களுக்கும் ஆவணமாகிறது. பரணி வேண்டாம் என்றதன் காரணம் இதுவே. மகளிர் ஆட்டங்களை ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கமும் ஒழிய வேண்டும். தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் 2018-லும் 2023-லும் பட்டம் வென்றது தமிழ்நாட்டு அணி.

சொல்லாட்சியில் தூய்மை பேணுவதா, வழக்கைப் பின்பற்றுவதா என்று தமிழ்த்துறை மாணவர்கள் கேட்கக்கூடும். தடுப்பாட்டக்காரர், நடுக்களம், கூடுதல் நேரம் முதலியன இயல்பாக வழங்குகின்றன. கோல், பெனால்டி, கார்னர், ஆஃப்சைடு ஆகியவற்றை அப்படியே எழுதலாம். மைதானத்தில் ஒருவரும் சொல்லாத சொல்லைத் தாளில் புகுத்தினால், ஆடியவரே தம் ஆட்டத்தை அடையாளம் காணமாட்டார்.

எழுதக்கூடாதனவும் உண்டு. ஆடுவோர் ஊதியம் பெறும் வீரர் அல்லர். பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள். பெனால்டியைத் தவறவிட்டவரின் பெயரை மறைத்தல் பொய். 'அணியைக் கவிழ்த்தார்' என்று எழுதுதல் கொடுமை. 'அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது' என்பதில் உண்மையும் உண்டு, இரக்கமும் உண்டு. நடுவரைக் குறைகூறும் வரிகளையும் தவிர்ப்பது நன்று. அவை எழுதியவரின் கோபத்தைப் பதிவு செய்யுமேயன்றி, ஆட்டத்தைப் பதிவு செய்வதில்லை.

இத்துணை உழைப்பு சிறிய போட்டிகளுக்குத் தேவையா என்று பெரியோர் சிலர் ஐயுறலாம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறனுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. ஆடுவோர் படிப்பதற்காக வந்த மாணவர்களே. அச்சிறு கல்லூரிகளின் ஆட்டங்களுக்கும் வாரந்தோறும் முன்னோட்டமும் குறிப்பும் எழுதும் ஆர்வலர்கள் உள்ளனர். அங்கு பொருள்வளம் மிகுதி என்பது உண்மையே. எனினும் இதற்கு வேண்டுவது ஒரு நோட்டுப்புத்தகமும், கைக்கடிகாரமும், மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மணி நேரமும்தான்.

வரும் கல்வியாண்டில் மண்டலப் போட்டியின் அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்ற அன்றே, தமிழ்த்துறை மாணவர் இருவர் இதனைத் தொடங்கலாம். உடற்கல்வி இயக்குநரிடம் அணிப் பட்டியலைப் பெற்று, எதிர்த்து ஆடும் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து அவர்களது பட்டியலையும் கேட்டு வாங்குக. முன்னோட்டத்தை ஆட்டத்திற்கு முதல்நாள் பலகையில் ஒட்டுக. குறிப்பை மறுநாள் ஒட்டி, ஒரு படியை நூலகத்தில் சேர்த்துவிடுக. நோட்டின் முதற்பக்கத்தில் மூன்றாமாண்டு மாணவர்களின் பெயர்களை எழுதுக. அவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள்.