நான்கு தட்டுகளில் ஒன்று போனால்?

ரெய்டு என்றதும் வருமான வரித்துறையினரின் திடீர்ச் சோதனைதான் நம் நினைவுக்கு வரும். கணிப்பொறித் துறையில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே தட்டுபோல் இயங்கச் செய்யும் முறைக்கே அங்கு ரெய்டு என்று பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதனை விளக்கினர். விலையுயர்ந்த பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய தட்டுகள் பலவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் தட்டுகள் கூடக்கூட, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் அல்லவா? அதற்கு என்ன வழி?

எளிய கணக்கு ஒன்றில் விடை இருக்கிறது. கணிப்பொறி எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதுகிறது. நான்கு தட்டுகளில் முதல் மூன்றில் 1, 0, 1 என எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒரு வரிசையில் 1 எத்தனை முறை வந்தாலும் அந்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கு 1 இரண்டு முறை வந்துவிட்டது; ஆகவே நான்காம் தட்டில் 0 எழுதப்படும். இதைச் சமன் இலக்கம் என்போம். இப்போது முதல் தட்டு பழுதாகிவிட்டது. மீதி இருப்பவை 0, 1, 0. இரட்டைப்படை ஆக வேண்டுமானால் இழந்த இலக்கம் 1 ஆகத்தான் இருக்க முடியும்! இப்படியே கோடிக்கணக்கான வரிசைகளையும் மீட்டுப் புதிய தட்டில் எழுதிவிடலாம். சமன் இலக்கங்களை ஒரே தட்டில் குவிக்காமல் எல்லாத் தட்டுகளிலும் பகிர்ந்து எழுதும் முறையே ரெய்டு 5.

19 அங்குல அகலமுள்ள ரேக்குகளில் அடுக்கப்படும் சர்வர்கள் பலவற்றில் இக்கணக்கைச் செய்வது ரெய்டு கன்ட்ரோலர் என்னும் அட்டை. லினக்ஸ் இயங்குதளத்துக்கு நான்கு தட்டுகள் தெரிவதில்லை. கன்ட்ரோலர் காட்டும் ஒரே பெரிய தட்டுதான் தெரியும்.

பழைய சர்வரில் லினக்ஸைப் புதிதாக நிறுவுவோர் இதனை மறக்கலாகாது. சில சமயம் நிறுவும்போது தட்டு எதுவுமே தென்படாது. தட்டுகள் கெட்டுவிட்டன என்று பொருளல்ல. அந்தக் கன்ட்ரோலருடன் பேசும் டிரைவர் நிரல் புதிய லினக்ஸில் இல்லாதிருக்கலாம். 2019-இல் வெளியான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் பழைய கன்ட்ரோலர்கள் சிலவற்றுக்கான டிரைவர்கள் நீக்கப்பட்டன. அவசரப்பட்டுக் கன்ட்ரோலரின் அமைப்புத் திரைக்குச் சென்று, தட்டுகளைப் புதிதாகத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால் உள்ளவை அழிந்துபோகும்.

பேட்டரியையும் பார்க்க வேண்டும். எழுத வேண்டியவற்றைக் கன்ட்ரோலர் முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தட்டில் எழுதும். திடீரென மின்சாரம் நின்றால் அந்த நினைவகத்தைக் காப்பது பேட்டரி. பழைய சர்வர்களில் இது வலுவிழந்திருக்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ரெய்டு 5 காப்பது ஒரு தட்டின் மரணத்திலிருந்து மட்டுமே. மதிப்பெண் பட்டியலை யாரேனும் தவறுதலாக அழித்தால், கன்ட்ரோலர் அந்த அழிப்பையும் ஒழுங்காகக் கணக்கிட்டுத் தட்டுகளில் எழுதிவிடும். ஆகவே லினக்ஸை மீண்டும் நிறுவுமுன், வேண்டியவற்றை அந்தச் சர்வருக்கு வெளியே நகலெடுத்து, நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்ப்பதே அறிவுடைமை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 0, 1, 1, 0 என்று எழுதி ஓர் இலக்கத்தை விரலால் மறையுங்கள், கண்டுபிடித்துவிடலாம். இரண்டை மறைத்தால்? காரணத்தை நண்பர்களுடன் ஆராயுங்கள்.