ஊருக்கு இரண்டு ஆறு

ஆறு என்னுஞ் சொல் நந்தமிழில் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதை மாணவர் அறிவர். நடந்து வருபவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிக்கொண்ட மொழி நம்முடையது. அப்பாடத்தை அக்குறணையில் நடத்தும்போதெல்லாம் என் நாத் தடுமாறுகின்றது.

கண்டிக்கு வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரத்தில், மலைச்சரிவுக்கும் பிங்கா ஓயாவுக்கும் இடையே நீண்டு கிடப்பது எங்கள் கடைவீதி. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையும் அதுவே. இவ்வூர் வணிகம் செழித்தது அவ்வழியால். நடப்பவன் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டதும் அவ்வழியாலேயே.

காலையில் சிறுமி ஒருத்தி எனக்கு முன்னே பள்ளிக்கு நடப்பாள். நடைபாதையில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் நிற்கும். அதற்கப்பால் கடைச் சரக்கு. ஈரிடத்தும் அவள் தெருவில் இறங்கியே ஆகவேண்டும். பின்னால் பஸ் ஒலியெழுப்பும். புத்தகப் பையை மார்போடு அணைத்தபடி நின்றுவிடுவாள். அவளுக்கு நான் எந்த ஆற்றுப்படையைக் கற்பிப்பேன்?

மற்றை ஆற்றின் கதையும் இதுவே. பிங்கா ஓயாவின் கரைகளை நெருக்கிக் கட்டிடங்கள் எழுந்தன. நீர் பரவ இடமில்லை. பெருமழையில் வெள்ளம் கடைகளுக்குள் புகுகின்றது. தெருவின் அகலத்துக்கு ஆற்றை உவமை கூறிற்று மதுரைக்காஞ்சி. இங்கோ தெருவே ஆறாகிவிடுகின்றது! வழி பறிக்கப்பட்ட நீர் தன் வழியைத் தானே மீட்டுக்கொள்ளும். வழி பறிக்கப்பட்ட குழந்தைக்கு அவ்வலிமை ஏது?

கண்டி நகரிலே ஒரு படிப்பினை உண்டு. 1998 ஜனவரி 25ஆம் நாள் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின், தலதா மாளிகையின் முன்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. துயரத்தால் வந்த ஏற்பாடு அது. ஆயினும் முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கும் இடமாயிற்று. நெரிசல் பிற வீதிகளுக்குச் சென்றது என்னும் குறையும் சொல்லப்படுவதுண்டு. அக்குறணையில் பெருவழியை மூடும்படி யாரும் கேளார். கேட்பது சிறிது: இடையறாத நடைபாதை, மக்கள் கடக்கும் இடத்திலேயே கடவை, ஊருக்குள் வாகன வேகத்துக்கு வரம்பு. 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக அமைச்சர் மாநாடும், நடப்போரும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரே மேல்வரம்பு என்று பிரகடனஞ் செய்தது. அதனினும் மிகுந்த வேகம் தீங்கற்றது என்பதற்கு வலிய சான்று உள்ள இடங்களே விலக்கு.

வரம்பை அரசினர் விதிக்கட்டும்; கடவையையும் அவர்களே அமைக்கட்டும். நடைபாதையில் வைத்த சரக்கை மூன்றடி உள்ளே இழுத்துக்கொள்வதற்கு எந்த ஆணையும் வேண்டியதில்லை. கடைக்கார அன்பர்களே, அச்சிறுமி பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளையே. நாளைக் காலை அவள் தெருவில் இறங்காது நடந்து வருவாளாயின், ஆற்றுப்படையை நான் தடுமாறாமல் நடத்துவேன்.