தனிக் குடித்தனமும் கூட்டுக் குடும்பமும்

ஒரு கிறிஸ்தவ சபையின் போதகரை நியமிப்பது யார்? ஆலயக் கட்டிடம் யாருக்குச் சொந்தம்? கத்தோலிக்கரைக் கேட்டால் மேற்றிராணியாரைச் சுட்டிக்காட்டுவார்கள். பாப்டிஸ்டுகளைக் கேட்டாலோ, “சபையாராகிய நாங்களே!” என்பார்கள். விசுவாசித்து, முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஓரிடத்தில் கூடினால் அதுவே பூரணமான சபை. அதற்கு மேல் எஜமான் கிறிஸ்து ஒருவரே என்பது அவர்கள் கொள்கை.

அப்படியானால், 40,000க்கும் அதிகமான சபைகள் சேர்ந்துள்ள அமெரிக்காவின் ‘தெற்கத்திய பாப்டிஸ்ட் கன்வென்ஷன்’ எதற்காக?

சிறிய கிராமத்துச் சபை ஒன்று தனியாக ஒரு மிஷனரியைக் கடல் கடந்து அனுப்ப முடியாது. பல சபைகள் கைகோத்தால் முடியும். இதற்கென்றே 1845-ல் ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டா நகரில் இந்த ஸ்தாபனம் தோன்றியது. ஆனால் அதன் பிறப்பு பெருமைக்குரியதல்ல. அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சச்சரவில் வடக்கத்தியாரிடமிருந்து பிரிந்தவர்கள் ஏற்படுத்தியது அது. 150 ஆண்டுகளுக்குப் பின், 1995-ல், இதற்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

1925-ல் கூட்டுறவுத் திட்டம் ஒன்று வந்தது. காணிக்கையில் எவ்வளவு அனுப்புவது என்பதை அந்தந்த சபையே தீர்மானிக்கும். இது வரி அல்ல. இந்தப் பணத்தில்தான் மிஷனரிகளும் ஆறு வேதாகமக் கல்லூரிகளும் பராமரிக்கப்படுகின்றன.

வருடாந்தர மாநாட்டுக்குச் சபைகள் அனுப்புகிறவர்களுக்குப் பிரதிநிதிகள் என்று பெயரில்லை. ‘தூதர்கள்’ என்று பெயர். அவர்கள் தம் மனச்சாட்சிப்படி வாக்களிப்பார்கள். அங்கே நிறைவேறும் தீர்மானம் ஊரிலுள்ள சபையைக் கட்டுப்படுத்தாது.

பிறகு மாநாட்டின் கையிலுள்ள அதிகாரம் என்ன? “நீ எங்களோடு சேர்ந்தவனல்ல” என்று சொல்லும் அதிகாரம் ஒன்றுதான். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற சாடில்பேக் சபை 2021-ல் மூன்று பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்தது. போதகர் பதவி ஆண்களுக்கே என்கிறது மாநாட்டின் 2000-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை. 2023-ல் அந்தச் சபை விலக்கப்பட்டது. அதன் அப்பீலும் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் 9,437க்கு 1,212 என்ற வாக்குகளில் தோற்றது. ஆயினும் அதன் கட்டிடத்தையோ போதகர்களையோ யாரும் தொடவில்லை, தொடவும் முடியாது.

இந்தச் சுயாதீனத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2019-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் உள்ளிட்ட பத்திரிகைகள் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டன. இருபது ஆண்டுகளில் சுமார் 380 சபைத் தலைவர்கள், ஊழியர்கள் மீது பாலியல் குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்டவர்கள் 700க்கும் மேல். ஓர் ஊரில் குற்றம் செய்தவர் வேறு ஊரில் போதகரான சம்பவங்களும் வெளிவந்தன. குற்றவாளிகளின் பட்டியல் வேண்டுமென்று முன்பே சிலர் மன்றாடியிருந்தார்கள். சபைகளின் சுயாதீனம் இடம் தராது என்று 2008-ல் கைவிரித்தார்கள். ஆனால் நிர்வாகக் குழுவின் அலுவலகத்திலேயே 700க்கு மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் இரகசியமாக இருந்தது 2022-ல் அம்பலமாயிற்று!

இத்தகைய குற்றங்களைச் சரிவரக் கவனிக்காத சபையை விலக்கலாம் என்று பின்னர் விதி செய்தார்கள். நல்லதே. ஆனால் விலக்குவது நடந்த பிறகு செய்வது. எச்சரிப்பது நடப்பதற்கு முன் செய்வது. தன் போதகரைத் தானே தேர்ந்தெடுப்பது ஒரு சபையின் உரிமைதான். அவர் யார் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால்தானே அது உரிமை? தனிக் குடித்தனம் செய்கிற தம்பியின் வீட்டுக்குத் திருடன் போகிறான் என்று தெரிந்தால், அண்ணன் குரல் கொடுக்க வேண்டாமா? அது அதிகாரம் செலுத்துவதல்ல, உறவின் கடமை.