நாட்டுப்புறப் பாட்டை எழுதினது யாரு?

"நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது, அது மக்கள் பாட்டு" என்று மேடையிலும் புத்தகத்திலும் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மதுரை வட்டாரத்துப் பாட்டுக்காரிகளைப் பத்திக் குறிப்பு எடுக்க எடுக்க, இது பாதி உண்மைதான்னு எனக்குத் தோணுது. ஏன்னு விளக்க, அமெரிக்காவில் 1971இல் வந்த ஒரு இசைத்தட்டையும் பக்கத்தில் வச்சுப் பார்க்கப் போறேன்.

முதல்ல நம்ம ஆட்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்தவர். 1993இல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூனில் 99 வயதில் காலமானார். மதுரையை ஒட்டிய பரவையைச் சேர்ந்த முனியம்மா, ஊர் மேடைகளில் பாடிப் பழகி 2003இல் 'தூள்' படத்தால் ஊரறிந்தவர். 2020 மார்ச்சில் மறைந்தார். இரண்டு பேர் குரலும் முகமும் நமக்கு அத்துபடி. ஆனா அவங்க பாடினதில் எது கேட்டுப் பழகினது, எது அவங்களே கட்டினதுன்னு கேட்டா, நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

இந்தப் பக்கத்துப் பாட்டு எப்படி உருவாகுதுன்னு பாருங்க. மெட்டு பொது. சில தொடர்களும் பொது. தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவருவான், ஒப்பாரியில் தாய்வீட்டுப் பெருமை வரும், நடவில் ஒருத்தி முன்பாட்டு எடுக்க மத்தவங்க பின்பாட்டு பாடுவாங்க. ஆனா எந்த மாமன், என்ன சீர், செத்தவர் எப்படிப்பட்டவர், அண்ணன் பொண்டாட்டி வாசலில் நிக்க வச்சுப் பேசினது என்ன — இதெல்லாம் பாடுறவ தானே சேர்க்கிறது. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சேர்க்கிறது. சட்டகம் ஊருடையது, உள்ளே இருக்கிற பாட்டு அவளுடையது.

இப்போ அந்த இசைத்தட்டு. டாலி பார்ட்டன் டென்னசி மலைப்பக்கத்தில் 12 பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவர். 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' ஆல்பத்தின் பத்துப் பாட்டில் ஏழு அவர் எழுதினது, மூணு அவரோடு மேடையில் பாடின போர்ட்டர் வாகனர் எழுதினது. தலைப்புப் பாட்டின் கதை ரொம்ப எளிமை. அம்மா ஒட்டுத்துணிகளைச் சேர்த்து மகளுக்கு ஒரு கோட்டு தைக்கிறாங்க. தைக்கும்போதே யோசேப்பின் பலவருண அங்கிக் கதையைச் சொல்றாங்க. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறாங்க. கவனிச்சீங்களா, வழி அதேதான்! எல்லாருக்கும் தெரிஞ்ச பைபிள் கதை சட்டகம். உள்ளே இருப்பது தன் வீட்டு வறுமை, தன் அம்மாவின் கை.

வித்தியாசம் அதுக்கு அப்புறம்தான். டாலி பாட்டைத் தன் பேரில் பதிவு பண்ணினார். 1966லேயே மாமாவோடு சேர்ந்து பாட்டு வெளியீட்டு நிறுவனம் வச்சிருந்தார். எல்விஸ் பிரெஸ்லி அவருடைய வேறொரு பாட்டைப் பாட விரும்பியபோது, எல்விஸின் மேலாளர் வெளியீட்டு உரிமையில் பாதி கேட்டார். டாலி கொடுக்கலை. 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகம் முழுக்க ஓடினபோது, எழுதினவருக்கு உரிய பணம் டாலிக்கே வந்தது.

அமெரிக்காவில் எல்லாப் பாட்டுக்காரிக்கும் இப்படி நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. கன்ட்ரி இசைத்தட்டு வியாபாரம் சூடுபிடிச்ச 1927க்குப் பிறகு, ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் சேகரித்த பழைய பாட்டுகள் பலவும் அவர் பேரிலேயே பதிவாகின. அவருக்குப் பாடிக் காட்டின கிழவிகள் பலர் பேர் எங்கேயும் இல்லை. பேர் தாளில் ஏறினவருக்கே பாட்டு சொந்தமாச்சு.

நம்ம சட்டம் என்ன சொல்லுது? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதினவருக்கு வாழ்நாளும் அதுக்கப்புறம் 60 வருஷமும் உரிமை உண்டு. பாடுறவருக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. கருப்பாயி வானொலியிலும் 'ஆண்பாவம்' படத்திலும் பாடினது அதுக்கு முன்னாடி. ஒலிப்பதிவின் உரிமையோ, அதைத் தயாரித்தவருக்குப் போகும். இதில் "கிராமியப் பாடல்" என்று ஒரு முத்திரையும் விழுந்துட்டா, எழுதினவர் என்ற கட்டமே காலி. 2015இல் உடல்நலம் குன்றியிருந்த முனியம்மாவுக்கு அரசு நிதியுதவி அறிவித்தது. நல்ல காரியம். ஆனா உதவி வேற, உரிமைப் பணம் வேற. உதவிக்கு மனு போடணும், உரிமைப் பணம் தானா வரும்.

சேகரிப்பாளர்களைக் குறை சொல்லலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2018இல் பத்மஸ்ரீ பெற்ற விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்திருக்காவிட்டால், எத்தனையோ பாட்டு மண்ணோடு போயிருக்கும். இன்னைக்கு ஒவ்வொருத்தர் கையிலும் போன் இருக்கு, நாம எல்லாருமே சேகரிப்பாளர்தான். அதனால ஒரு அப்பத்தாவைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணினா நாலு விஷயம் கேட்டு எழுதி வைங்க. பேர், ஊர் என்ன? யார்கிட்டே கேட்டுப் பழகினது? எந்த அடிகள் நீங்களே சேர்த்தது? இதை வெளியே போடலாமா? போடும்போது "மெட்டு: வழக்கில் உள்ளது, பாட்டு: இன்னார்" என்று போடுங்க. மக்கள் பாட்டுதான், சரி. அந்த மக்களில் ஒருத்திக்குப் பேர் உண்டு.