பதிவுத் தரவினத்தில் நிலையான புல மதிப்புகள்

ஃபங்ஷனல் புரோகிராமிங் எனப்படும் செயற்கூறு சார் நிரலாக்கத்தில், பெயரிடப்பட்ட பல புலங்களை ஒன்றாகக் கொண்ட தரவினம் பதிவு எனப்படும். ஒரு வகையைச் சேர்ந்த எல்லாத் தரவுகளிலும் ஒரு புலத்தின் மதிப்பு மாறாமல் இருக்குமாயின், அது நிலையான புல மதிப்பு ஆகும். இதனை எங்கு எழுதிவைப்பது என்பதை ஹாஸ்கெல் மொழியைக் கொண்டு காண்போம். ஹாஸ்கெல் 1990இல் வரையறுக்கப்பட்டது. பெயரிட்ட புலங்கள் 1996இல் அதன் 1.3 பதிப்பில் சேர்க்கப்பட்டன.

எடுத்துக்காட்டு

சதுரங்கக் காய்களுக்கு ஒரு தரவினம் அமைப்பதாகக் கொள்வோம். சிப்பாய், குதிரை, மந்திரி, கோட்டை, ராணி, ராஜா என்பவை அதன் ஆக்கிகள். நிறமும் நிற்கும் கட்டமும் காய்க்குக் காய் வேறுபடும். ஆனால் பெறுமானம் அவ்வாறன்று. வழக்கமான கணக்கில் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, ராணிக்கு 9. எந்தக் குதிரையை எடுத்தாலும் 3தான்.

புலமாக வைத்தால்

பெறுமானத்தையும் ஒரு புலமாக வைத்தால், குதிரையை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் 3 என எழுத வேண்டும். ஓரிடத்தில் தவறி 5 என எழுதினாலும் நிரல்பெயர்ப்பி ஏற்றுக்கொள்ளும். அதற்கு இரண்டுமே முழு எண்கள்தாம். பிழைச்செய்தி எதுவுமின்றி ஆட்டக் கணக்கு தவறாகிவிடும்.

ராஜாவுக்குப் பெறுமானம் கிடையாது. எனவே அந்த ஆக்கியில் மட்டும் இப்புலத்தை விட்டுவிட்டால், ராஜாவின் பெறுமானத்தைக் கேட்கும் நிரல் இயங்கும்போது பிழையுடன் நின்றுவிடும்.

செயற்கூறாக எழுதினால்

பெறுமானத்தைப் பதிவிலிருந்து நீக்கி, அதே பெயரில் ஒரு செயற்கூறு எழுதலாம். ஆக்கிக்கு ஒரு வரி வீதம் ஆறு வரிகள் போதும். குதிரைக்கு 3 என்பது நிரல் முழுவதிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ராஜாவையும் கருதி, விடையை மேபி என்னும் வகையில் தரலாம். ராஜாவுக்கு விடை நத்திங், அதாவது மதிப்பு இல்லை. ஓர் ஆக்கிக்கு வரி எழுத மறந்தால், எச்சரிக்கைகளை இயக்கிவைத்துள்ள நிரல்பெயர்ப்பி அதனைச் சுட்டிக்காட்டும்.

ஹாஸ்கெலில் புலத்தின் பெயரே மதிப்பை எடுத்துத் தரும் செயற்கூறாகவும் பயன்படுகிறது. ஆகவே பயன்படுத்துவோர் அழைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

ஆக்கியை மறைத்தல்

சில வேளைகளில் மதிப்பைப் பதிவினுள்ளேயே வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஆக்கியைத் தொகுதிக்குள் மறைத்து, சரியான மதிப்பை இட்டுத் தரும் செயற்கூற்றை மட்டும் வெளியிடலாம். புலத்தின் பெயரையும் மறைக்க வேண்டும். அப்பெயர் வெளியே தெரிந்தால், ஆக்கி இல்லாமலேயே பதிவின் நகலை வேறு மதிப்புடன் உருவாக்கிவிட முடியும்.

எதைத் தேர்வது?

ஆக்கியின் பெயரைப் பார்த்த அளவிலேயே மதிப்பைச் சொல்ல முடிந்தால் செயற்கூறாக எழுதுக. ஒரே ஆக்கியின் தரவுகளுக்குள் மதிப்பு வேறுபடுமானால் புலமாக வைக்க வேண்டும். காயின் பெறுமானம் முதல் வகை. அது நிற்கும் கட்டம் இரண்டாம் வகை.