புற்றுநோய் திரும்பி வந்த வீடும் அதன் தெருவும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்து, ஐந்தாண்டு செக்கப்பையும் தாண்டிவிட்ட ஒரு தாய்க்கு முதுகு வலிக்கிறது. தைலம் தேய்த்துப் பார்க்கிறார்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுகிறார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், "திரும்ப வந்திருக்கும்மா" என்கிறார். புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்கள் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறார்கள். இந்தியாவில் பெண்களுக்கு மிக அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோய்தான். 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. சிகிச்சை முடித்து நலமாகிறவர்கள் பெருகப் பெருக, பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை அதே வாசலில் வந்து நிற்பவர்களும் கூடுகிறார்கள்.

முதல் முறை நோய் வந்தபோது அந்த வீட்டுக்கு ஆள் வரத்துக்குக் குறைவிருக்காது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் குவிந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போயிருப்பார். இரண்டாம் முறை அப்படி நடப்பது அரிது. யாருக்கும் மனம் கல்லாகிவிடவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் ஒதுங்குகிறார்கள். "திரும்ப வந்துட்டா அவ்வளவுதான்" என்று தெருவுக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. குடும்பமும் கடன் கேட்ட வீட்டிலேயே மறுபடி போய் நிற்கக் கூச்சப்பட்டு, விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்கிறது. ஆனால் திரும்பி வரும் நோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் முதல் சிகிச்சையைவிட நீளமானது. பத்து நாள் பரபரப்பு அதற்குப் போதாது. மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், முறைவைத்துக் கைகொடுக்கும் ஆட்கள் வேண்டும்.

ஏன் திரும்புகிறது?

முதல் சிகிச்சையில் தப்பிய சில செல்கள், எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவில், உடலுக்குள் உறங்கிக் கிடக்கலாம். அவை மீண்டும் பெருகத் தொடங்கும்போது நோய் திரும்புகிறது. கட்டி இருந்த இடத்திலேயே வரலாம். அக்குளில் நெறிகட்டியாக வரலாம். எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று தொலைவிலும் வரலாம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போனால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. அங்கேயும் அது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கானதுதான். ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையில் பத்தாண்டு கழித்தும், இருபதாண்டு கழித்தும்கூட நோய் திரும்புவதுண்டு. செல்களின் குணம் மாறியிருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் பல நேரங்களில் மறுபடியும் சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தெருவில் உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அவர் மருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லை, அடுப்படியில் ரொம்ப நின்றுவிட்டார், மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று காரணம் தேடுவதில் பொருளில்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் நோய் திரும்புகிறது. அடுத்து, நோய் அதே இடத்தில் மட்டும் திரும்பியிருந்தால் மீண்டும் முழுதாகக் குணமாக்கும் வாய்ப்பு உண்டு. தொலைவில் பரவியிருந்தால் பெரும்பாலும் வேரோடு நீக்க முடியாது. ஆனால் மாத்திரை, ஊசி, கீமோ என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. 'நாலாம் ஸ்டேஜ்' என்ற சொல்லைக் கேட்ட அன்றே துக்க முகத்தோடு போய் நிற்பவர்கள், உயிரோடிருக்கும் ஒரு பெண்ணிடம் அவர் கதை முடிந்துவிட்டதென்று சொல்லாமல் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்.

இருபத்தொரு நாள் கணக்கு

உதவி செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் குவிகிறார்கள். கீமோவுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. உதவியும் அந்தக் கணக்கைப் பார்த்து நடக்க வேண்டும். பல கீமோ மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். வாரந்தோறும் ஏற்றுவதும் உண்டு. மூன்று வாரச் சுற்றை எடுத்துக்கொள்வோம்.

மருந்து ஏற்றும் நாளில் கூட ஒருவர் வேண்டும். காலையில் ரத்தப் பரிசோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு, பிறகு மணிக்கணக்கில் ஊசி என்று நாள் முழுதும் போய்விடும். கணவர் தினக்கூலிக்குப் போகிறவர் என்றால், அவர் கூட வரும் ஒவ்வொரு நாளும் வீட்டில் சம்பளம் இல்லாத நாள். ஆகவே தெருவில் நான்கு பேர் சுற்றுமுறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கீமோ நாளில் கூடப் போய் வந்தாலே அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கு அது நேரடி உதவி.

அடுத்த மூன்று நான்கு நாள் குமட்டலும் அசதியும். அப்போது அவருக்குத் தாளிக்கும் வாசனையே வயிற்றைப் புரட்டலாம். அன்போடு கொண்டுபோகும் கமகமக்கும் மீன் குழம்பு அந்த வீட்டில் யாரும் தொடாமல் கெட்டுப்போகும். ரசம் சாதமா, கஞ்சியா, இடியாப்பமா, எது இறங்குகிறது என்று கேட்டுச் சமைத்துக் கொடுப்பதுதான் உதவி. அவருக்குக் கஞ்சி போதும் என்றாலும் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் முழுச் சாப்பாடு வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை 'கவுண்ட்' இறங்கியிருக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும் நாட்கள் இவை. பார்க்க வரும் கூட்டம் இப்போதுதான் ஆபத்து. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நள்ளிரவில் கூப்பிட்டால் வரும் ஒரு ஆட்டோக்காரரின் எண் அந்த வீட்டுச் சுவரில் எழுதியிருப்பது ஒரு கூடை ஆப்பிளைவிடப் பெரிய காரியம்.

மூன்றாம் வாரத்தில் உடம்பு கொஞ்சம் தேறும். உட்கார்ந்து பேச, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கூட்டிப்போக, விருப்பப்பட்டதைச் சமைத்துத் தர இதுதான் நேரம்.

இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் வரவுசெலவு எழுதும் பெண்ணாக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். யார் எந்த நாள் என்று நோட்டில் குறிப்பதும், குடும்பத்திடம் நிலவரம் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வதும் அவர் வேலை. நாற்பது பேர் நாற்பது தடவை போன் செய்து "ஸ்கேன்ல என்ன வந்துச்சு?" என்று கேட்கும் கொடுமை அதோடு நிற்கும். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். முடி கொட்டிய அவர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுப் பணம் திரட்டுவதை, அவர் மனதார ஒப்புக்கொள்ளாதவரை, யாரும் செய்யக் கூடாது.

மூத்த மகளைக் கவனியுங்கள்

இப்படிப்பட்ட வீடுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது மூத்த பெண் பிள்ளை. அம்மா படுத்ததும் அடுப்பு அவள் கைக்குப் போகிறது. தம்பிக்குச் சோறு, பாட்டிக்கு மருந்து, அம்மாவுக்கு வெந்நீர் என்று ஆரம்பித்து, காலாண்டுத் தேர்வுக்குள் அவள் பள்ளிக்கு வருவது குறைந்துவிடும். யாரும் அவளை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். "பொறுப்பான பொண்ணு" என்று பாராட்டிப் பாராட்டியே நிறுத்திவிடுவார்கள். தெரு அந்த வீட்டுக்குச் செய்யும் உதவிகளில் முதலிடம், அவள் காலை எட்டு மணிக்குச் சீருடையோடு வாசலைத் தாண்டுவதை உறுதி செய்வதுதான். வகுப்பாசிரியர் ஒருவருக்காவது வீட்டு நிலவரம் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று மறைப்பதும் நல்லதல்ல. அவர்கள் எப்படியும் அறிந்துகொள்வார்கள். தாங்கள் செய்த குறும்பால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்லி, அது யாராலும் வந்ததில்லை, தொட்டால் ஒட்டாது, அம்மா மடியில் படுக்கலாம் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

காகிதமும் வரிசையும்

பணம் திரட்டுவதற்கு முன் உரிமையாக வரவேண்டியதை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடங்கும். அதற்கு விஏஓ-விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்துக்குப் போக வேண்டும். கீமோ எடுத்தவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் இந்த வரிசையில் நிற்பது பெரும்பாடு. தாளைப் பூர்த்தி செய்யத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்துபோகும் பல குடும்பங்களுக்கு இந்த விவரம் யாரும் சொல்லாமலே போய்விடுகிறது.

மலப்புரம் செய்து காட்டியது

ஊரே முறைவைத்து நோயாளிகளைத் தாங்குவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்கள் வலி நிவாரணத்துக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனையில் மருந்து கொடுத்தால் மட்டும் போதவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. வலி அடங்கிய நோயாளிக்கு வீட்டில் அரிசி இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, பேச ஆளில்லை. 2000-ஐ ஒட்டி மலப்புரம் மாவட்டத்தில் அண்டை வீட்டார் வலைப்பின்னலாக இது விரிந்தது. கடைகளில் வைத்த உண்டியல், மாணவர்கள் திரட்டிய சில்லறை, சாதாரண மக்கள் மாதந்தோறும் தந்த சிறு தொகை ஆகியவற்றில்தான் அது ஓடியது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு மளிகை, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, மருத்துவமனைக்கு வண்டி என எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. ஊராட்சிகள் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்களை அமர்த்தின.

இத்தகைய வலி நிவாரண, ஆதரவுக் கவனிப்புக்கு நம் மருத்துவமனைகளில் சொல்லும் 'பாலியேட்டிவ்' என்ற பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் அஞ்சுகின்றன. கைவிட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொள்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே கூடச் சேர்த்துத் தரவேண்டிய கவனிப்பு இது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். எலும்பில் பரவிய வலிக்கு, ஒரே நாளில்கூடக் கொடுக்கத்தக்க குறுகிய கரண்ட் சிகிச்சை நல்ல நிவாரணம் தரும். கடும் வலிக்கு 'மார்ஃபின்' மாத்திரை இருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் இறுகிக் கிடந்த அதன் விநியோகத்தை எளிதாக்க 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மார்ஃபினுக்குப் பயந்து ஒரு தாய் இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சேவையும் உண்டு. செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். நோயாளியின் வீட்டார் ஓடிக் களைத்திருப்பார்கள் என்பதால், அந்தப் பதிவைப் போய்ச் செய்துவருவதும் தெருவில் நோட்டு வைத்திருப்பவரின் பட்டியலில் இருக்கட்டும். மருத்துவமனைக் கோப்பின் நகல், ஸ்கேன் அறிக்கை, இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துப்போனால் செவிலியர் வரும் முதல் நாளிலேயே கவனிப்பைத் தொடங்கிவிட முடியும்.