பிள்ளைப் பருவத்து அச்சம் மூளையில் எங்கே தங்குகிறது?

சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். இறந்தோர், காயம்பட்டோர் கணக்கு உடனே வந்துவிடுகிறது. வேலைக்குப் போன அம்மா திரும்பி வருவாளா என்று காத்துக் கிடந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்களுடைய மூளைக்கும் அன்று ஏதோ நேர்கிறது.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை முடுக்கிவிட, கார்ட்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்க வேண்டும். அதில் பெரும்பங்கு ஹிப்போகேம்பஸுக்கு உண்டு. அங்குள்ள ஏற்பிகள் கார்ட்டிசாலைப் பற்றிக்கொண்டு, போதும் என்று உத்தரவிடுகின்றன. நினைவுகளைப் பதியவைப்பதும் இதே ஹிப்போகேம்பஸ்தான். ஆகவே அச்சம் ஓயாமல் நீடித்தால் அமைதியும் நினைவும் ஒருசேர அடிபடுகின்றன.

இந்த ஏற்பிகளின் அளவு குழந்தைப் பருவத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது என்று எலிகளில் காட்டினார் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மீனி. தாய் அதிகம் நக்கி வளர்க்காத குட்டிகளில், ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் மேல் மீத்தைல் தொகுதிகள் கூடுதலாக ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் குறைத்தன. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகும் அவற்றின் பதற்றம் எளிதில் தணியவில்லை. அத்தகைய தாய்க்குப் பிறந்த குட்டிகளை அரவணைக்கும் வேறொரு தாயிடம் விட்டபோது மாற்றம் வளர்ப்புக்கு ஏற்பவே அமைந்தது. 2004இல் வெளியான முடிவு இது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதிதா வைத்யா குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பிறந்த எலிக்குட்டிகளை இரண்டு வாரம்போல, நாளுக்கு 3 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்தார்கள். இளமையில் அந்த எலிகள் கற்றலில் முந்தின. ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்களும் பிடிஎன்எஃப் என்ற புரதமும் மிகுந்திருந்தன. நடுவயதில் எல்லாம் தலைகீழானது. புதிய நரம்பணுக்கள் உருவாவது குறைந்தது, நினைவாற்றல் சரிந்தது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் அது விடுக்கும் எச்சரிக்கை நமக்கும்தான். தாயை இழந்த பத்து வயதுப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு, படிப்பிலும் சோடைபோகாமல் நிற்கும்போது, ‘பொறுப்பான பிள்ளை, தேறிவிட்டது’ என்று ஊர் மெச்சுகிறது. பாதிப்பு முப்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம்.

சிவகாசி வட்டாரத்தில் அப்படிப்பட்ட ஒரு தலைமுறையே இருக்கிறது. 1980களில் விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டி ஏறி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய பிள்ளைகள் அவர்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அன்றைய பிள்ளைகள் இன்று நடுவயதினர். மறதி, தூக்கமின்மை, காரணமில்லாப் படபடப்பு என்று அவர்கள் வரும்போது, சிறு வயதில் என்ன வேலை செய்தீர்கள் என்றும் மருத்துவர் கேட்க வேண்டும்.

மீள முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் பல வகையிலும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

வெடிவிபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை அரசே செலவை ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல தொடக்கம் அது. கல்விக் கட்டணத்தோடு, அந்தப் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சந்திக்கும் ஒரு மனநல ஆலோசகரையும் அந்த உதவியில் சேர்க்க வேண்டும். அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் எண் 14416 ஒவ்வொரு ஆலை வாசலிலும் பள்ளிச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். பிள்ளையின் மூளைக்கு மாறாத அரவணைப்பே மருந்து. அதைத் தரும் கடமை குடும்பத்தோடு முடிந்துவிடுவதில்லை.